நரசாப்புரம் ஆலைகள்: கூலிக்குப் பொறுப்பு யார்?

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பின், கே.ஜி.எஃப். மக்கள் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். அதே மாவட்டத்தில் உள்ள நரசாப்புரம் தொழிற்பேட்டை அருகிலுள்ள மாற்றிடம். ஹோண்டா இருசக்கர வாகன ஆலை அங்கு 2013-இல் உற்பத்தியைத் தொடங்கியது.

ஆலை, ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர், தொழிலாளி என்ற முத்தரப்பு ஏற்பாடு நாட்டின் வாகனத் துறையில் பரவலானது. வேலை வாங்குவது ஆலை. சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். இருவரின் வேலைநேரக் கணக்கும் பொருந்தாவிட்டால் தொழிலாளி யாரிடம் முறையிடுவது?

நரசாப்புரத்தில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12-இல் சம்பளப் பிரச்சினை வன்முறையாக வெடித்தது. அது வாகன ஆலை அன்று; எனினும் ஏற்பாடு ஒன்றே. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானதை உறுதிசெய்த ஆப்பிள், விஸ்ட்ரானையே கண்காணிப்பில் வைத்தது. திருத்தம் முடியும்வரை புதிய பணி இல்லை என்றது.

அப்போது நடைமுறையிலிருந்த 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தந்துவிட்டு, பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூலி வழங்கும்போது முதலாளியின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. ரொக்கம் கைமாறிய காலத்திற்கு அது பொருந்தியது. சம்பளம் வங்கி வழியே செல்லும் இன்று, பணம் அனுப்பப்படும் முன்பே ஆலையின் வருகைப் பதிவையும் ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்டாக வேண்டும். அதை ஆலைதான் செய்ய முடியும்.