எண் 78651



இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் கொல்லப்பட்ட கதை நமக்குத் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

சிமோன் வேய் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை கட்டடக் கலைஞர். 1940 அக்டோபரில் பிரெஞ்சு அரசே யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. தந்தையின் பிழைப்பு போயிற்று. மறு ஆண்டு, யூதர்கள் எல்லாரும் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பம், போய்ப் பதிந்தது. துப்பாக்கி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது காகிதம்.

1944 மார்ச்சில் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய சில நாட்களிலேயே சிமோன் கைதானார். வயது 16. ஏப்ரலில் தாயோடும் ஓர் அக்காளோடும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறக்கப்பட்டார். "வயது 18 என்று சொல்" என அங்கிருந்த கைதி ஒருவர் காதோடு சொன்னார். அந்த ஒரு சொல் நச்சுவாயு அறையிலிருந்து அவரைக் காப்பாற்றியது. கையில் 78651 என்று பச்சை குத்தினார்கள். பெயர் போய் எண் வந்தது.

1945 ஜனவரியில் கடுங்குளிரில் நடக்க வைத்தார்கள். பெர்கன்-பெல்சன் முகாமில், விடுதலைக்குச் சில வாரங்களே இருக்கும்போது, தாய் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். தந்தையும் அண்ணனும் திரும்பவே இல்லை. பிரான்சிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட சுமார் 76,000 யூதர்களில், உயிரோடு திரும்பியவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான்.

ஊர் திரும்பியவரின் கதையைக் கேட்க ஆளில்லை. ஒரு விருந்தில் அவர் கையிலிருந்த எண்ணைப் பார்த்து, "கோட்டு வைக்கும் அறையின் டோக்கனா?" என்று கிண்டல் செய்தார் ஓர் அதிகாரி. அதன்பின் வெகுகாலம் நீளக் கைச் சட்டையே அணிந்தார்.

ஆனால் சிமோன் முடங்கிவிடவில்லை. எந்தச் சட்டம் தன் குடும்பத்தை அழித்ததோ, அந்தச் சட்டத்தையே படித்தார். சிறைத் துறையில் பணியாற்றியபோது, பிரான்சை எதிர்த்துப் போராடிச் சிறைப்பட்ட அல்ஜீரியப் பெண்களின் பாதுகாப்புக்காக நின்றார். அவர்கள் தம் இனமா என்று பார்க்கவில்லை. 1974-இல் சுகாதார அமைச்சரானார். 1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரானார். 2017-இல் மறைந்த அவரை, மறு ஆண்டு பிரான்சு தன் மாமனிதர்கள் துயிலும் பாந்தியனில் வைத்துப் போற்றியது.

பெற்றோர்களே, இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழுவதற்காக அல்ல. ஓர் இனத்தைத் தனியாகப் பிரித்து முதல் சட்டம் வரும்போதே கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக. அது யாருடைய இனமாக இருந்தாலும் சரி. ரயில் கிளம்பிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.