காருக்குக் கம்பளம், பாட்டுக்கு ஏளனம்

ஒரு பாட்டைக் கேட்காமலேயே அதைப் பற்றித் தீர்ப்பெழுதுவது நம் இலக்கியச் சூழலுக்குப் புதிதல்ல. கானாவுக்கு அது நடந்தது, ராப்புக்கு நடந்தது. இப்போது முறை பி.டி.எஸ். என்ற தென்கொரிய இளைஞர் எழுவருக்கு. 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளியான அவர்களின் 'டைனமைட்' என்ற தனிப்பாடல் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் உதடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஆசிரியர் அறையிலும் புத்தக வெளியீட்டு அரங்கிலும் ஒரு நமுட்டுச் சிரிப்பு எழுகிறதே, இக்கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

நான் பணிபுரியும் கல்லூரிக்கு ஒரகடம், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் பக்கத்திலிருந்து மாணவிகள் வருகிறார்கள். பலர் வீட்டில் அண்ணனோ அக்காவோ ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2007இல் சாம்சங் வந்தது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர்களில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் முளைத்தன; கொரிய உணவகங்கள் வந்தன. நிலம் கொடுத்தோம், வரிச்சலுகை கொடுத்தோம். அப்போது யாரும் 'பண்பாட்டுப் படையெடுப்பு' என்று துண்டறிக்கை அச்சிடவில்லை. 'வளர்ச்சி' என்றோம்.

இன்னொரு செய்தி. 'டைனமைட்' வெளிவந்த பத்தாம் நாள், 2020 ஆகஸ்ட் 31 அன்று, இதே எழுவர் ஹூண்டாயின் 'ஐயோனிக்' மின்கார் வரிசைக்காக ஒரு விளம்பரப் பாடல் பாடினார்கள். அந்த வரிசையின் 'ஐயோனிக் 5' 2023 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. பூட்டப்பட்டது நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில். ஆக, அண்ணன் அந்தக் காரைப் பூட்டினால் தொழில்முன்னேற்றம்; அந்தக் காரைப் பாடியவனின் பாட்டைத் தங்கை முணுமுணுத்தால் சீரழிவு! இது என்ன நியாயம்?

வைக்கப்படும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, 'முகப்பூச்சு பூசிக்கொண்டு, மயிருக்குச் சாயமேற்றிக்கொண்டு... இவர்களும் ஆண்பிள்ளைகளா?' என்பது. செய்யாறு அருகே புரிசையில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் அரிதாரம் பூசி, சேலை கட்டித் திரௌபதியாக விடியவிடிய நிற்கிறார்கள். அதை 'மண்ணின் கலை' என்று கருத்தரங்கக் கட்டுரை வாசிப்பவர்களே சியோலின் அரிதாரத்தைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். ஆண்மைக்கு ஒரே ஒரு உருவம்தான் என்று முடிவுகட்டிய கண்ணுக்குக் கூத்தும் விளங்காது, கொரியப் பாட்டும் விளங்காது.

இரண்டாவது, 'இது வெறும் பெண்பிள்ளைகளின் பித்து' என்பது. இங்கே 'பெண்பிள்ளைகளின்' என்ற சொல்லே வசையாகிறது. ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். வேதாந்தத்துக்கு உரை வகுத்த அந்த ஆசாரியரை மரபு 'திருப்பாவை ஜீயர்' என்றும் அழைக்கிறது. ஆயர்பாடிச் சிறுமியர் கூடிப் பாடுவதாக ஓர் இளம்பெண் பாடிய பாட்டை ஓதித் திரிந்ததால் வந்த பெயர் அது. இளங்கோவடிகளும் அம்மானையையும் ஊசலையும் வள்ளைப்பாட்டையும் அள்ளிக் காப்பியத்துக்குள் வைத்தார். பெண்கள் கூடிப் பாடுவது தாழ்ந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை.

கொரியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மன்னர் சேஜோங் 1446இல் ஹங்குல் எழுத்தை முறைப்படி வெளியிட்டார். அதற்கு ஈராண்டுகள் முன்பே சே மல்லி முதலான அவைப்புலவர்கள் எதிர்த்து விண்ணப்பம் எழுதினார்கள். சீன எழுத்தைவிட்டு இதைக் கைக்கொள்வது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர்கள் வாதம். நெடுங்காலம் அதைப் 'பெண்டிர் எழுத்து' என்றே இளப்பமாகப் பேசினார்கள். இன்று ஹான் காங் நாவல் எழுதுவது அந்தப் பெண்டிர் எழுத்தில்தான். 2024 அக்டோபரில் அவருக்கு நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, சமயவேல் மொழிபெயர்ப்பில் வந்த 'மரக்கறி'யை நாம் தேடித் தேடிப் படித்தோமே! கொரியா புத்தகமாய் வந்தால் உலக இலக்கியம், பாட்டாய் வந்தால் பித்து என்பதற்கு என்ன அளவுகோல்?

மூன்றாவது குற்றச்சாட்டு கனமானது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமியர் மூவர், பி.டி.எஸ். குழுவைக் காணச் சியோல் போவதென்று வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கையில் ரூ.14,000. விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறுவது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது; இதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி 'பார்த்தீர்களா' என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சினிமா ஆசையில் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறிய ஆண்பிள்ளைகளின் கதைகளை நாம் எப்படிச் சொல்லி வந்திருக்கிறோம்? பிளாட்பாரத்தில் படுத்ததையும் குழாய்த் தண்ணீர் குடித்ததையும் சாதனை வரலாற்றின் முதல் அத்தியாயமாக எழுதவில்லையா? பையன் ஓடினால் இலட்சியம். பெண் ஓடினால் மனநோய். கண்டிக்க வேண்டிய ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியானால் 'டைனமைட்' விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதா? இல்லவே இல்லை. அதைக் கடுமையாக விமர்சிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஏளனம் விமர்சனமாகாது என்பதுதான் என் வழக்கு.

தம் பாட்டுகளுக்குத் தாமே சொல்லெழுதுவதில் பெருமை கொண்ட குழு அது. அந்தக் குழு முழுக்க ஆங்கிலத்தில் பாடி வெளியிட்ட முதல் தனிப்பாடல் 'டைனமைட்'. எழுதியவர்கள் டேவிட் ஸ்டூவர்ட், ஜெசிகா அகோம்பர் என்ற இரு பிரிட்டானியர். நோய்த்தொற்றால் உலகம் கதவடைத்துக் கிடந்த காலத்தில் 1970களின் டிஸ்கோ சாயலில் வந்த துள்ளல் அது. துள்ளல் இருந்தது, ஆனால் பாடியவர்களின் மொழி இல்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரியக் குழு என்ற புகழ் அதன் மூலம்தான் கிடைத்தது. அடுத்த அக்டோபரில் அவர்களின் நிறுவனமான பிக் ஹிட் பங்குச்சந்தையில் இறங்கியது. உலகப் புகழுக்கு நுழைவுக் கட்டணம் தாய்மொழி என்றால், அதைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனைவிடத் தகுதியானவன் யார்? நாம் பேசினோமா? அவர்கள் தலைமயிரைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தோம்!

பேசியவர்கள் அந்தப் பெண்கள்தான். அதே 2020 நவம்பரில் பெரும்பகுதி கொரிய மொழியிலேயே அமைந்த 'லைஃப் கோஸ் ஆன்' வந்தது. அமெரிக்க வானொலிகள் அதை அரிதாகவே ஒலிபரப்பின. ஆயினும் ரசிகர்கள் விலைகொடுத்து வாங்கியே அதை அதே பட்டியலின் முதலிடத்தில் ஏற்றினார்கள். கொரிய மொழிப் பாடலொன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை. ஆங்கிலப் பாட்டுக்குத் திறந்த கதவு கொரியப் பாட்டுக்குத் திறக்கவில்லை என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவர் இரண்டாமாண்டு மாணவி ஒருவர்.

இந்தப் பாட்டுகளுக்காகவே ஹங்குல் எழுத்தைத் தாமாகக் கற்றுக்கொண்டவர் அவர். உயிர்மெய் பற்றி நான் பாடம் நடத்தும்போது எழுந்து சொன்னார்: "ஐயா, கொரியத்தில் மெய்யும் உயிரும் தங்கள் உருவத்தோடயே ஒரே கட்டத்துக்குள்ள அடுக்கி நிக்கும். நம்ம எழுத்துலதான் உயிர் தன் உருவத்தை விட்டுட்டுக் காலாவும் கொம்பாவும் மாறிடுது." எழுத்திலக்கணத்தில் இத்தனை தெளிவான ஒப்பீட்டை நான் தேர்வுத்தாளில் படித்ததில்லை.

இங்கே 'தமிழ்–கொரிய உறவு' ஆர்வலர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலெழுதினார் என்பார்கள். அங்கேயும் அம்மா, அப்பா என்பார்கள். கடல்கடந்து போன அரசி ஹோ பாண்டிய நாட்டுச் 'செம்பவளம்' என்று மேடையில் முழங்குவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா' அவரை 'அயுத்தா' நாட்டிலிருந்து வந்தவர் என்றுதான் சொல்கிறது. மற்றதெல்லாம் நம் விருப்பம். உண்டோ இல்லையோ என்று தெரியாத அந்த இளவரசிக்குச் சிலை வைக்கத் துடிப்பவர்கள், கண்முன்னே பேருந்தில் நின்றுகொண்டு கொரியம் படிக்கும் பெண்ணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் நாள் கணக்கிடப்பட்டது. கல்லூரி முடித்தால் ஆலை, ஆலை இல்லையேல் கல்யாணம். வீட்டுக்கும் வேலைக்கும் பயன்படாத ஒன்றை, தன் விருப்பத்துக்காக மட்டும் அவர் கற்றது ஒருவேளை இந்த எழுத்தாகத்தான் இருக்கும். அதைச் சிரித்துச் சிரித்தே பிடுங்கிவிட்டு, பிறகு மாணவர்களுக்கு 'இரசனை இல்லை' என்று நாமே புலம்புகிறோம்.

ஏளனம் செய்வோருக்கு என் வேண்டுகோள் சிறியது. 'டைனமைட்' மூன்றரை நிமிடத்துக்கும் குறைவுதான்; கேளுங்கள். பிறகு 'லைஃப் கோஸ் ஆன்' கேளுங்கள். அதன்பின் முந்தையதைத் திட்டி ஐந்து பக்கம் எழுதுங்கள். தமிழில், காரணகாரியத்தோடு எழுதுங்கள். வரிக்கு வரி மறுத்தெழுத என் வகுப்பிலேயே ஆளிருக்கிறது. அந்தச் சண்டையை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.