வலி நின்றால் போதுமா?

டென்னிஸ், பாட்மிண்டன் ஆடும் மாணவருக்குத் தோள் நொந்தால், சில நாள் ஓய்வளித்து, வலி நின்றதும் மீண்டும் ஆடவிடுவோர் பலர். இது தவறு. ஆழமற்ற குழியில் அமைந்த தோள்மூட்டை நிலைநிறுத்துபவை அதனைச் சூழ்ந்த நான்கு தசைகள். ஓங்கி அடித்த கையின் வேகத்தைத் தணிப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஓய்வு வலியைக் குறைக்கும், வலிமையைத் தராது.

ஆதலால், மருத்துவரின் இசைவு பெற்று, முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்து ரப்பர்ப் பட்டையை வெளிப்புறமாக இழுக்கும் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். தலைக்குமேல் அடிக்கும் அடி இறுதியிலேயே வருதல் தகும்.

2008இல் தோளில் அறுவைச் சிகிச்சை பெற்ற டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 2009இல் களம் திரும்பினார். பிரெஞ்சுப் பட்டமோ 2012இல்தான் கிட்டியது. போட்டி நாள் நெருங்கினும், ஆசிரியர் மாணவரை அவசரப்படுத்தலாகாது.