முத்தின் அழகும் முத்தின் விலையும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-ம் வருஷத்தில். தோணிகள் கரையேறி நெடுநாளாகியும், முத்தைப்பற்றிய ஒரு கேள்வி மட்டும் தீர்ந்தபாடில்லை. அதன் அழகு முத்திலே உள்ளதா, பார்ப்போர் மனத்திலே உள்ளதா?

1917-ல் நியூயார்க் நகரில் கார்ட்டியே என்னும் நகை வியாபாரிகள் இரட்டைச்சர முத்துமாலையொன்றையும் நூறு டாலரையும் கொடுத்து ஒரு மாளிகையையே வாங்கினர். மாலையின் மதிப்பு அன்று பத்து லட்சம் டாலர். அதே மாலை 1957-ல் ஏலத்திற்கு வந்தபோது சுமார் ஒன்றரை லட்சத்திற்கே விலைபோயிற்று. இடையே நேர்ந்தது யாது? ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-ல் முதல் வெற்றி கண்ட முயற்சி முழுதும் பலித்து, சிப்பியினுள் வளர்த்த முத்துக்கள் 1920-களில் ஐரோப்பியச் சந்தைகளை அடைந்தன. பின்னர் உலகப் பணமுடையும் சேர்ந்துகொண்டது. வளர்ப்பு முத்திற்கும் இயற்கை முத்திற்கும் மேலே படியும் பொருள் ஒன்றே; மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து, அவற்றிடையே ஒளி விளையாடுவதால் தோன்றும் நீரோட்டமும் ஒன்றே. எக்ஸ்-ரே கொண்டு உட்கருவைச் சோதித்தே பல சமயங்களில் பேதம் காண வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத பேதம் கருத்திலே புகுந்து அழகை மங்கச் செய்தது விந்தையன்றோ! பாடியவர் பெயரை விசாரித்தறிந்த பிறகே தலையசைக்கும் சங்கீத ரசிகர்களை நாமும் கண்டிருக்கிறோம்.

அங்ஙனமாயின், வெறுங்கண்ணே போதும், வரலாறு வேண்டுவதில்லை என்று சிலர் வாதிக்கலாம். நாம் அதற்கு உடன்படோம். விலையை அறிவது வேறு. ஒரு பொருள் உண்டான விதத்தை அறிவது வேறு. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய பரதவரையும், மேலே கயிறு பிடித்திருந்த மைத்துனனையும் நினைப்பவனுக்கு முத்து முன்னிலும் அழகாகத் தோன்றுவது நியாயமே. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்தெடுத்ததும் அத்தகைய வரலாறுதான். அதைப் போலியென இகழ்வோர் சிப்பியின் உழைப்பையும் சேர்த்தே இகழ்கிறார்கள்.

ஆகவே இந்நகரப் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம். பிள்ளைகள் கையில் ஒரு முத்துச்சிப்பியைக் கொடுங்கள். அதன் உட்புறத்து ஒளியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். பரதவர் குடும்பத்து முதியோர் ஒருவரை அழைத்து, குளித்த கதையைக் கேட்கச் செய்யுங்கள். முத்தின் விலையை அவர்கள் பிறகு எங்கேயாவது தெரிந்துகொள்வார்கள்.