உட்கார்ந்து ஒரு டீ

செங்கல்பட்டில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தால் போதும், பாய்லர் அனல் மேலேயே அடிக்கும். ஆனால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கத்தான் இடமில்லை. பெஞ்சு முழுக்க ஆண்கள். ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். நான் போய் நின்றால் கடைக்காரர் மரியாதையோடுதான் கேட்பார்: "வாங்க டீச்சர், பார்சலா?"

ஓட்டலுக்குப் போனால் "எத்தனை பேரும்மா?" என்பது முதல் கேள்வி. ஒருத்திதான் என்றால் ஃபேமிலி ரூமில் மின்விசிறி சுற்றாத மூலையைக் காட்டுவார்கள். டீ மட்டும் என்றால் சர்வரின் முகமே மாறிவிடும். புதிதாகத் திறக்கும் கடைகளிலோ நாற்காலியே கிடையாது. டோக்கன் வாங்கி, உயரமான மேசையருகே நின்றபடி குடிக்க வேண்டும். முப்பது வருடம் வகுப்பில் நின்ற முழங்காலுக்கு அது ஆகாது.

அதனால் சில சாயங்காலங்களில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறிவிடுகிறேன். ஒரு டீக்காக முப்பது கிலோமீட்டரா என்று என் தங்கை சிரிக்கிறாள். ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வந்த மாடிக் கடைகள் இருக்கின்றன. ஒரு லெமன் டீ வாங்கிக்கொண்டு இருட்டும் வரை புத்தகம் படிக்கலாம், 'வேறென்ன வேணும்' என்று யாரும் வந்து நிற்பதில்லை. விலை நம்மூர் டீயைப் போலப் பல மடங்கு. நாற்காலிக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து மேசையில் தனியாக இருக்கும் வெளிநாட்டுப் பெண்ணுக்குப் பழகிப்போன மரியாதை, அந்தத் தெருவில் எனக்கும் கிடைக்கிறது.

ஆனால் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே, பஸ்ஸில் வந்த குடும்பங்கள் நடைபாதை ஓரத்தில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் 1984-லேயே இடம்பிடித்த ஊர் இது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்தார்கள். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இரண்டு முறையும் ஊரைப் பளபளவென்று ஆக்கினார்கள். பத்து ரூபாய்க்குச் சுண்டல் வாங்கியவர் உட்கார ஒரு நிழல் வேண்டுமென்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை.

கடற்கரைப் பக்கம் மீன் வறுக்கும் அக்காக்களிடம் மட்டும் நிலைமை வேறு. கேட்காமலே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள். "உக்காருக்கா, சூடா எடுத்துத் தரேன்." அங்கே பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசுவதைப் பார்க்கிறேன். கல்லாவில் பெண் இருந்தால் பெஞ்சிலும் பெண் உட்காருகிறாள்.

2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்தும்போது மட்டும் இந்தச் சட்டத்தைப் புரட்டினால் போதாது. இரண்டு ஊர்களிலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி நகராட்சி விற்பனைக்கு இடம் ஒதுக்கட்டும். பெண்கள் நடத்தும் கடைகளுக்கு அதில் முன்னுரிமை கொடுக்கட்டும். கூரை, குடிநீர், கழிப்பறை, நாலு சிமெண்டு பெஞ்சு ஆகியவற்றையும் அதுவே அமைத்துத் தரட்டும். ஒரு டீக்கு அரை மணி நேரம் ஆள் உட்கார்ந்தால் கடைக்குக் கட்டுபடியாகாது என்பார்கள். பெஞ்சு பொதுவானதாக இருந்தால் அந்தக் கணக்குக்கே வேலையில்லை.