அட்டையைப் பார்த்து ஏமாறாதே மச்சி!

மெரினா உலகத்துலயே ரெண்டாவது நீளமான பீச்! இந்த ஒரு வரி இல்லாத சென்னை கைடு புத்தகத்தை யாராவது கொண்டுவந்து காட்டுங்க... கேன்டீன்ல ரெண்டு சமோசா, ஒரு டீ என் அக்கவுன்ட். தைரியமாத்தான் பந்தயம் கட்டுறேன். ரயில்வே ஸ்டேஷன் கடையில கிளிப் போட்டுத் தொங்குற மேப்ல இருந்து, வழவழ பேப்பர்ல கலர் போட்டோவோட வர்ற தடி புத்தகம் வரைக்கும் நான் புரட்டின எல்லாத்துலயும் இந்த வரி உட்கார்ந்திருக்கு.

சரி, அளந்துதான் பார்ப்போமே. கோட்டைக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு பட்டினப்பாக்கம் ஃபோர்ஷோர் எஸ்டேட் வரைக்கும் மெரினா சுமார் 6 கிலோமீட்டர். சில புத்தகம் 12ன்னு சொல்லுது, சிலது 13ங்குது. எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிச்சாங்கன்னு மட்டும் யாரும் சொல்றதில்லை. போகட்டும், தாராளமா 13னே வெச்சுக்குவோம். பங்களாதேஷ்ல இருக்குற காக்ஸ் பஜார் பீச் சுமார் 120 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவோட நைன்ட்டி மைல் பீச் சுமார் 150. பிரேசிலோட காசினோ பீச் 200-ஐத் தாண்டுது. இந்த ரேஸ்ல நம்ம மெரினா இன்னும் ஷூ லேஸ்கூட கட்டலை பாஸ்! எனக்கும் மெரினா மேல காதல்தான். ஆனா காதலியோட உயரத்தை 13 அடின்னு சொன்னா அது காதல் இல்லையே.

இந்த மாதிரி வரிகள் எப்படிப் பொழைக்குதுன்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். நம்ம லேப் ரெக்கார்டு கதைதான். முதல் பெஞ்ச்காரன் ஒரு ரீடிங்கைத் தப்பா எழுதினா, சாயங்காலத்துக்குள்ள கடைசி பெஞ்ச் வரைக்கும் அறுபது நோட்டுல அதே தப்பு, அதே தசம ஸ்தானத்தோட. அறுபது பேரும் ஒரே ஆன்சர் எழுதியிருக்காங்களேன்னு அதைச் சரின்னு சொல்ல முடியுமா? ஒரே இடத்துல காப்பி அடிச்சவங்க எத்தனை பேரா இருந்தாலும் சாட்சின்னு பார்த்தா ஒரே ஒருத்தர்தான். அதனால 'நாலு புத்தகத்துல போட்டிருக்கு' அப்படின்னு யாராவது ஆரம்பிச்சா, அந்த நாலுல எது எதைப் பார்த்து எழுதினதுன்னு முதல்ல கேளுங்க.

இதெல்லாம் ஜாலியா சிரிச்சுட்டுப் போற விஷயம்னு நினைச்சீங்கன்னா, என் ரூம்மேட்டோட அப்பா, அம்மா கதையைக் கேளுங்க. 2024 ஏப்ரல்ல பையனைப் பார்க்க தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்தாங்க. ரெண்டு நாள் ஊர் சுத்திக் காட்டினான். திரும்பும்போது அவனுக்கு இன்டர்னல் எக்ஸாம், வழியனுப்ப வர முடியலை. 'நீ படிப்பா, நாங்க பார்த்துக்குறோம்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. கையில அவங்களே ஸ்டேஷன்ல வாங்கின சிட்டி கைடு. அட்டையில கொட்டை எழுத்துல '2024 புதிய பதிப்பு'. உள்ளே 'தென் மாவட்ட பஸ்களுக்குக் கோயம்பேடு'ன்னு இருந்துச்சு. மூணு பை, அதுல ஒண்ணு முழுக்கப் பையனோட பழைய புத்தகம். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கோயம்பேட்டுல இறங்கித் தேடினா அவங்க பஸ் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்து, அடுத்த சில வாரத்துலயே தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாறிடுச்சே! அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டருக்கு மேல. அம்மாவுக்கு முட்டிவலி வேற. விடியற நேரத்துல போன் பண்ணின அப்பா பையனைத் திட்டலை, புத்தகத்தையும் திட்டலை. 'புத்தகத்துல போட்டிருந்துச்சேப்பா'ன்னு மட்டும் சொன்னாராம். அச்சுல வந்துட்டா அது உண்மையாத்தான் இருக்கும்னு நினைக்கிற தலைமுறை அது. இந்த பீலா புத்தகங்களோட பொழப்பே அவங்க நம்பிக்கையில்தான் ஓடுது. அதான் எனக்குக் கடுப்பு.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் எங்க ரூம்ல ஒரு விளையாட்டு ஆரம்பிச்சோம். பேரு 'பஸ் ஸ்டாண்ட் டேட்டிங்'. (நீங்க நினைக்கிற டேட்டிங் இல்லை, கார்பன் டேட்டிங் மாதிரி!) அட்டையில இருக்குற வருஷத்தை மறைச்சுட்டு, உள்ளே இருக்குற விஷயத்தை வெச்சே புத்தகத்தோட நிஜ வயசைக் கண்டுபிடிக்கணும். வெளியூர் பஸ்ஸுக்குப் பாரிமுனை போகச் சொன்னா, அது 2002-ல கோயம்பேடு வர்றதுக்கு முந்தின சரக்கு. மெட்ரோ பத்திப் பேச்சே இல்லையா? 2015-க்கு முன்னாடி எழுதினது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பேரு இல்லைன்னா 2019-க்கு முன்னாடி. பழைய புத்தகம் வாங்க மூர் மார்க்கெட் கட்டடத்துக்குப் போங்கன்னு ஒரு புத்தகம் கூலா சொல்லுச்சு... அது எரிஞ்சு போனது 1985-ல சாமி! எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவுங்கற ஒத்தை வரியைக்கூட விட்டுட்டாங்கன்னா, எழுதினவர் அந்தப் பக்கமே போகலைன்னு அர்த்தம். ஐ.வி. கூட்டிட்டுப் போற கிளாஸ் ரெப்புகள் இதை மட்டுமாவது நோட் பண்ணிக்கோங்க. ஐம்பது பேரோட பூட்டின கேட் முன்னாடி நின்னா அப்புறம் நாலு வருஷத்துக்கு ஓட்டுவாங்க.

போகாமலே எழுதுறது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. தாமஸ் கோன்ஸ்டாம்னு ஒரு அமெரிக்கர், லோன்லி பிளானட் கைடுகளுக்கு எழுதினவர். கொலம்பியா புத்தகத்துல வேலை பார்த்த தான் அந்த நாட்டுக்கே போகலைன்னு 2008-ல போட்டு உடைச்சார். ஒரே ரகளை. அவருக்குக் கொடுத்தது வரலாற்றுப் பகுதி மட்டும்தான், அதுக்கு அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை, ஊர் ஊரா சுத்தினது வேற ரெண்டு பேருன்னு கம்பெனி பதில் சொல்லுச்சு. எனக்கென்னவோ கம்பெனி பக்கமும் நியாயம் இருக்குற மாதிரிதான் தோணுது. ஆனா படிக்கிறவனுக்கு எந்தப் பக்கத்தை எழுதினவர் நேர்ல போய்ப் பார்த்தார், எதை வீட்டுல உட்கார்ந்து எழுதினார்னு எப்படித் தெரியும்?

இப்போ அதுக்கும் அடுத்த லெவல். 2023-ல நியூயார்க் டைம்ஸ் ஒரு விஷயத்தைத் தோண்டி எடுத்துச்சு. அமேசான்ல விற்கிற பல டிராவல் கைடுகள் கம்ப்யூட்டரே எழுதின மாதிரி இருக்கு, எழுதினவரா பேர் போட்டிருக்குற ஆளே இல்லை, போட்டோவும் டுபாக்கூர், ஃபைவ் ஸ்டார் விமர்சனமும் டுபாக்கூர்! போகாத ஆள் எழுதினது அந்தக் காலம், பொறக்காத ஆள் எழுதுறது இந்தக் காலம்.

பஸ்ஸும் லீவு நாளும் மாறும், சரி. மாறாத விஷயத்துலயாவது உண்மை இருக்குமான்னு பார்த்தா, அங்கேதான் இன்னும் பெரிய ரீல். தஞ்சாவூர் பெரிய கோவில் விமானத்தோட நிழல் தரையில விழாதாம். சின்ன வயசுல இருந்து கேட்டுட்டு வர்றோம். நம்மகிட்ட கால்குலேட்டர் இருக்கே! தஞ்சாவூர் சுமார் 10.8 டிகிரி வடக்குல இருக்கு. டிசம்பர் 21-ஐ ஒட்டி சூரியன் 23.4 டிகிரி தெற்கே நிற்கும். ரெண்டையும் கூட்டினா 34.2. விமானம் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். டேன் போட்டுப் பெருக்கினா உச்சியோட நிழல் நடு மையத்துல இருந்து வடக்கே 45 மீட்டர் தள்ளி விழணும். அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், அதுல பாதி 15. ஆக, நட்ட நடுப் பகல்லயே நிழல் சுவரைத் தாண்டி 30 மீட்டருக்கு வடக்குப் பிராகாரத்துல படுத்திருக்கும். காலையிலயும் சாயங்காலமும் கணக்கே வேண்டாம், கண்ணு போதும். ஏப்ரல் மூணாவது வாரத்துலயும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும்போது நிழல் விமானத்துக்குள்ளயே அடங்கிடும். அது நம்ம வீட்டு மொட்டை மாடித் தண்ணி டேங்க்குக்கும் நடக்குற விஷயம்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே கோவில் சுவர்ல இராஜராஜன் எழுதி வெச்சிருக்குற கல்வெட்டு, துல்லியம்னா என்னன்னு பாடம் எடுக்குது. தன்னோட 25-வது ஆட்சியாண்டுல, அதாவது 1010-ல, 275-வது நாள் உச்சியில வைக்கச் செப்புக் குடம் கொடுத்தார். செம்பு 3083 பலம், மேலே போர்த்தின தங்கம் 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைப் பார்த்தீங்களா? ஹூல்ட்ஷ்ங்கற ஜெர்மன் அறிஞர் 1891-லயே இதையெல்லாம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில அச்சடிக்க ஆரம்பிச்சுட்டார். வரி வரியா மூலம், கீழே மொழிபெயர்ப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின எடைக்கு ஆதாரம் கொடுத்தவங்க ஊர்ல, நிழலுக்கு ஆதாரம் கேட்க மாட்டேங்கறோம்.

'அப்போ ஆராய்ச்சிப் புத்தகம்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா?'ன்னு கேட்டா... அவசரப்படாதீங்க. 2005-ல எம்.ஐ.டி. மாணவர்கள் மூணு பேர் 'சைஜென்'னு ஒரு புரோகிராம் எழுதினாங்க. பட்டனைத் தட்டினா கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் மாதிரியே உளறிக் கொட்டும். வரைபடம் உண்டு, அடிக்குறிப்பு உண்டு, அர்த்தம் மட்டும் இருக்காது. 2014-ல சிரில் லபேங்கற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தேடிப் பார்த்தா, ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. ரெண்டும் வெளியிட்ட கான்ஃபரன்ஸ் தொகுப்புகள்ல இந்த உளறல் 120-க்கு மேல சிக்கிச்சு. எல்லாத்தையும் வாபஸ் வாங்கினாங்க. நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட் கடைசிப் பக்கத்துல பெருமையா வரிசை கட்டுறோமே, அதே பெயர்கள்தான்! அதுக்கும் முன்னாடி, 2009 வாக்குல ஆல்பாஸ்கிரிப்ட், பீட்டாஸ்கிரிப்ட்னு முத்திரை போட்டு ஆயிரக்கணக்குல புத்தகங்கள் வந்துச்சு. பளபள அட்டை, தாறுமாறு விலை, உள்ளே விக்கிபீடியா கட்டுரைகள். அட்டையிலேயே அதைச் சொல்லியும் வாங்கினவங்க உண்டு.

அதனால நான் புத்தகத்தைப் பின்னாடி இருந்து படிக்கிறேன். முதல்ல நூற்பட்டியல். அதுல இருக்குறதுலயே புதுசு 1978-ன்னா, அட்டை என்ன வருஷம் சொன்னாலும் அது 1978 புத்தகம். அப்புறம் பொருளடைவு, அதாங்க இன்டெக்ஸ். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் முதல்ல படிப்பேன். மல்டிமீட்டரைத் தெரிஞ்ச பேட்டரியில வெச்சுப் பார்த்துட்டுத்தானே தெரியாத சர்க்யூட்டுல வைக்கிறோம்! என் ஊர்த் தேரடியைத் தப்பா எழுதினவர் தெலுங்கானாவைச் சரியா எழுதுவார்னு நான் ஏன் நம்பணும்? கடைசியாத்தான் பதிப்புப் பக்கம். 'பதிப்பு' வேற, 'அச்சு' வேற. பத்தாவது அச்சுன்னா பத்து தடவை திருத்தினாங்கன்னு இல்லை, பத்து தடவை அதே தட்டை ஓட்டினாங்கன்னுகூட இருக்கலாம்.

இத்தனையும் பண்ணி எனக்குப் பிடிச்சுப்போன புத்தகம் ஒண்ணு உண்டு. ஹென்றி டேவிசன் லவ் எழுதின 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்'. 1913-ல வந்தது, மூணு தொகுதி, இன்டெக்ஸுக்கு மட்டுமே தனியா ஒரு தொகுதி. ராயல் இன்ஜினீயர்ஸ் படையில லெப்டினன்ட் கர்னலா இருந்தவர். அப்போ நம்ம டிபார்ட்மென்ட்தானே! சென்னையோட பிறந்த நாள் பஞ்சாயத்து இவர் புத்தகத்துலதான் இருக்கு. கோட்டை கட்ட கம்பெனிக்கு இடம் கொடுத்த மானியத்தோட தேதியா அதுல வர்றது 1639 ஜூலை 22. ஆனா அதே புத்தகம், கம்பெனி ஆள் பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27-ன்னும் சொல்லுது! ஆள் வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே பத்திரம் ரெடியா? இடிக்குதேன்னு பின்னாடி வந்தவங்க கையைத் தூக்கினாங்க. இன்னிக்கு எல்லாரும் ஏத்துக்கிட்டது ஆகஸ்ட் 22. 2004-ல இருந்து மெட்ராஸ் டே கொண்டாடுறதும் அன்னிக்குத்தான்.

இதைப் படிச்சுட்டு 'லவ் தப்பா எழுதிட்டார், புத்தகம் வேஸ்ட்'னு ஒரு சீனியர் சொன்னார். நான் நேர் எதிரா நினைக்கிறேன். அவர் தேதி தப்புன்னு நிரூபிக்கத் தேவையான ஆதாரத்தை அவரே மறைக்காம அச்சடிச்சு வெச்சிருக்கார் பாருங்க! எந்த ஆவணத்துல இருந்து எடுத்தார்னும் சொல்லியிருக்கார். அதான் நூறு வருஷம் கழிச்சும் அவரோட சண்டை போட முடியுது. மெரினா ரெண்டாவதுன்னு எழுதினவரோட எப்படிச் சண்டை போடுவீங்க? பிடிக்கவே ஒரு நுனி கிடைக்காது.

ஒரு சின்ன தகவல்: எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல திறந்தது. இந்தியாவுல அச்சாகுற புத்தகங்களோட பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நாலு நூலகத்துல ஒண்ணு. மியூசியம் வளாகத்துலதான் இருக்கு. கோட்டூர்புரத்துல 2010-ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இன்னும் வசதி, ஏ.சி. உண்டு. தரமணியில ரோஜா முத்தையா நூலகமும் இருக்கு, பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ரூம்மேட்டோட அப்பா அடுத்த மாசம் திரும்ப வர்றார். இந்தத் தடவை பஸ் டைம் கேட்டு டெப்போவுக்கே போன் போட்டுட்டாராம்.