அப்ப யாரும் கோவிச்சுக்கலையாமே?

"அந்தக் காலத்துல எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இப்ப எதைச் சொன்னாலும் மனசு புண்பட்டுருச்சுன்னு வந்து நிக்கிறாங்க." சென்னையிலிருந்து வர்ற சொந்தக்காரங்க இதைச் சொல்லாம ஊர் திரும்புறதில்லை. கவுண்டமணி இன்னைக்கு நடிச்சா கேஸ் மேல கேஸ் விழுமாம். கிராமத்து ஜனங்களுக்குப் பெரிய மனசாம்.

பெரிய மனசெல்லாம் இல்லீங்க. கேலிக்கு இங்க ஒரு முறை உண்டு. நடவு நடுற பொம்பளைங்க வரப்புல போற ஆளை வம்புக்கு இழுக்கிறதைக் கேட்டா நீங்க காதைப் பொத்திக்குவீங்க. ஆனா இழுக்கிறது மாமன், மச்சான், கொழுந்தன் முறை உள்ளவனை மட்டும்தான். அண்ணன் தம்பி முறைன்னா வாய் திறக்காது. அவனும் சும்மா போகமாட்டான், ரெண்டு மடங்காத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போவான்.

அதே கழனியில கூலிக்கு வந்த பெரியவரை, நிலத்துக்காரர் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட்டார். பெரியவரும் சிரிச்சார். சிரிக்காம என்ன பண்ணுவார், சாயங்காலம் கூலி வாங்கணுமே. இதைப் பார்த்துட்டுத்தான் 'யாரும் கோவிச்சுக்கல'ங்கிறீங்க.

'கரகாட்டக்காரன்' வந்தது 1989-ல. வாழைப்பழக் காமெடி இன்னும் எங்க டீக்கடையில ஓடுது. அடி வாங்குறது செந்தில், ஆனா கவுண்டமணியைப் பைத்தியமா அடிக்கிறதும் அவர்தான். அதுல யாருக்கு என்ன வலி? 2007-ல 'சிவாஜி' படத்துல பாரி மகளிர் பேரை வெச்சு, அங்கவை, சங்கவைன்னு ரெண்டு பொண்ணுங்களைக் கருப்பு மை பூசி நிறுத்துனாங்க. காமெடியே அந்த நிறம்தான். வெயில்ல களை எடுத்துக் கறுத்த எங்க ஊர்ப் பொண்ணுங்களைப் பள்ளிக்கூடத்துல அந்தப் பேரால கூப்பிட்டானுங்க. அதுங்க யாரைத் திருப்பிக் கேக்கும்?

2023-ல குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு தடை போட்டப்பவும் 'ஐயோ, கிராமியக் கலை போச்சே'ன்னு புலம்பல். ஆடுறவங்க அந்தச் சாதியா இருக்கணும்னுகூட இல்லை. பேர் மட்டும் அவங்களது, ஆபாசம் அடுத்தவங்களது.

நெசமாவே போயிட்டிருக்கிற கேலி ஒண்ணு இருக்கு, அதுக்கு உங்கள்ல ஒருத்தரும் அழக் காணோம். தெருக்கூத்துல கட்டியங்காரன் ராஜாவையே நக்கல் அடிப்பான், ஊர்ப் பெரிய தலைகளையும் விடமாட்டான். போன வருஷம் எங்க ஊர்க் கூத்துல, ஏரி மண்ணு எத்தனை லாரி போச்சுன்னு ஒரே ஒரு கேள்வி விட்டான். துரியோதனன் வேஷம் கட்டினவரே சிரிச்சுட்டார். உடனே மைக் செட் நின்னு போச்சு.

சீரியல் லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.